ட்ரம்ப்டன் தீயணைப்பு வண்டிக்கு வரைபடம் தேட வேண்டாம், ஒரு டேபிள் டென்னிஸ் பந்து போதும்

கேள்வி இது: "ட்ரம்ப்டன் என்ற பழைய பிரிட்டிஷ் குழந்தைகள் தொடரில் வரும் தீயணைப்பு வண்டியை அலமாரியில் வைக்கிற மாதிரி செய்ய ஆசை. வீட்டில் 3டி பிரிண்டர் இருக்கிறது. அது எந்தக் கம்பெனி வண்டி? என்ன ஸ்கேலில் செய்ய வேண்டும்? வரைபடம் எங்கே கிடைக்கும்?"

மூன்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நிஜ வண்டி எதையும் தேடிப் போகாதீர்கள். ஏதாவது ஒரு நிஜ வண்டியின் சாயல் அதில் இருக்கலாம், அளவு மட்டும் அதனுடையது இல்லை. அது பொம்மைகள் ஏறி உட்காரவும், மேஜை மேல் போட்ட தெருவில் நகரவும், கேமராவுக்கு ஒழுங்காகத் தெரியவும் செய்த வண்டி. அளவு கோலும் பொம்மையிடமிருந்துதான் வர வேண்டும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. கோர்டன் மரே என்பவர் பிபிசிக்காக மூன்று ஸ்டாப் மோஷன் தொடர்கள் எடுத்தார், அதாவது பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக எடுத்து ஓட்டும் முறை. 1966 ஜனவரியில் கேம்பர்விக் கிரீன், அடுத்த ஜனவரியில் ட்ரம்ப்டன், 1969 அக்டோபரில் சிக்லி. ஒவ்வொன்றும் 13 பகுதிகள், பகுதிக்குக் கால் மணி நேரம். மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊருக்கு வந்து போவார். பொம்மைகளை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தியவர்கள் பாப் பூரா, ஜான் ஹார்ட்விக், பாஸ்குவாலே ஃபெராரி. எல்லாப் பாத்திரங்களுக்கும் பிரையன் கேன்ட் ஒருவரே குரல். இசை ஃப்ரெடி பிலிப்ஸ். ட்ரம்ப்டனில் தீயணைப்புப் படைத் தலைவர் கேப்டன் ஃப்ளாக் தன் ஆட்களை வரிசையாகப் பெயர் சொல்லி அழைப்பார்: பியூ, பியூ, பார்னி மெக்ரூ, கத்பர்ட், டிபிள், க்ரப். அந்தத் தலைமுறை பிரிட்டிஷ்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தொடர் முழுவதும் பார்த்தாலும் அந்த ஊரில் தீயே பிடிக்காது. நெருப்பு, புகை, தண்ணீர் மூன்றும் ஸ்டாப் மோஷனுக்குப் பரம எதிரிகள். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில் நீங்கள் சொன்னபடி அவை நிற்காது. அதனால் தீயணைப்புப் படைக்கு வேறு வேறு வேலைகள் வரும். பகுதி முடியும்போது பூங்காவில் பேண்டு வாசிப்பார்கள். உங்கள் மாடலுக்கு இது முக்கியமான தகவல். தண்ணீர் பீய்ச்சாத வண்டிக்கு பம்ப், வால்வு, மீட்டர் என்று நுணுக்கி நுணுக்கிச் சேர்த்தால் உழைப்பு வீண். ஏணியும், ஆட்கள் உட்காரும் இடமும், வண்டியின் முகமும் சரியாக வந்தால் பார்க்கிறவர் உடனே கண்டுகொள்வார்.

அசலைப் பார்த்துச் செய்யலாமே என்று தோன்றும். 1980-களில் மரே தன்னிடம் இருந்த பொம்மைகளைத் தீயில் போட்டு எரித்துவிட்டார், ஒரு சிப்பாய்ப் பொம்மை மட்டும் தப்பியது. கேட்டால் வயிறு எரியும், ஆனால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. இந்த வகைப் பொம்மைகளுக்கு உடம்பு கம்பியும், ஸ்பாஞ்ச் மாதிரியான லேடெக்ஸ் ரப்பர் ஃபோமும். ஃபோம் காற்று பட்டுப் பட்டு முதலில் விறைக்கும், பிறகு தொட்டால் பொடியாக உதிரும். எஞ்சியிருப்பதைப் பார்க்க அவருக்கே பிடிக்காமல் போயிருக்கும். 2016-இல், 95 வயதில் அவர் காலமானார். ஆக, நமக்கு இருக்கும் ஒரே ஆதாரம் படம்தான். அதிலும் எந்தப் பிரதியை வைத்து வேலை செய்கிறீர்கள் என்பது முக்கியம். பல வருடம் ஓடித் தேய்ந்து கீறல் விழுந்த பிரதிகளிலிருந்து எடுத்தவைதான் இணையத்தில் அதிகம் கிடைக்கும். 2011-இல் மூல ஃபிலிம்களைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டலில் மீட்டார்கள். அந்த டிவிடி கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

இனி அளவெடுப்பது. அந்தப் பொம்மைகளின் தலை டேபிள் டென்னிஸ் பந்து. அந்தக் காலத்துப் பந்தின் விட்டம் 38 மி.மீ. இன்றைக்குக் கடையில் கிடைப்பது 40 மி.மீ., 2000-இல்தான் மாற்றினார்கள். இதைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குக் கிடைக்காது. வண்டி பக்கவாட்டில் போகும் காட்சியில் ஒரு ஃப்ரேமை நிறுத்துங்கள். ஓட்டுநரின் தலை அகலத்தைப் பிக்சலில் அளங்கள். ஹெல்மெட்டை விட்டுவிட்டு, கன்னத்திலிருந்து கன்னம் வரை. உதாரணத்துக்கு அது 57 பிக்சல் வந்தால் ஒரு பிக்சல் என்பது 0.67 மி.மீ. அதே ஃப்ரேமில் சக்கரம் 84 பிக்சல் என்றால் 56 மி.மீ., வண்டி 480 பிக்சல் என்றால் 320 மி.மீ. (எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் போட்டவை, நீங்களே அளந்துகொள்ளுங்கள்.) பெயிண்ட் பூச்சு அரை மி.மீ. கூட்டியிருக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, அளக்கும் தலையும் அளக்கும் பாகமும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால், கேமராவை ஒட்டி நிற்கும் ஃபயர்மேனின் தலையை எடுத்தால் தலை பெரிதாகத் தெரியும், உங்கள் வண்டி சின்னதாகிவிடும். மேஜை மேல் எடுக்கும் படங்களில் கேமரா மிக நெருங்கி நிற்பதால் நாலு விரற்கடை வித்தியாசம்கூடக் கணக்கைக் கெடுக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தலைதான் பாதுகாப்பானது.

இரண்டு, பிரிட்டிஷ் டிவிடியில் படம் 720க்கு 576 பிக்சலாகப் பதிவாகியிருக்கும், ஆனால் அந்தப் பிக்சல்கள் சதுரம் அல்ல. அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளந்தால் அகலம் குறைந்துவிடும். முதலில் 768க்கு 576 என்று இழுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் சிலர் இதே படத்தை அகலத்திரைக்கு இழுத்தும் போட்டிருப்பார்கள், அதில் எல்லாரும் உப்பிப்போய் இருப்பார்கள். சரிபார்க்க எளிய வழி சக்கரம். நேர் பக்கவாட்டில் தெரியும் சக்கரம் வட்டமாக இல்லை என்றால் படம் நெளிந்திருக்கிறது. 80 உயரம், 75 அகலம் என்று வந்தால் நான் சொன்ன டிவிடி கோளாறு அதேதான்.

முன்பக்க, பின்பக்க அளவுகளுக்கு வண்டி திரும்பும் காட்சிகளைத் தேடுங்கள். ஸ்டாப் மோஷனில் வண்டி முனையில் திரும்பும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு புதுக் கோணம், அதுவும் மங்கல் துளியும் இல்லாமல். அசையாமல் நிற்கவைத்துத்தானே எடுக்கிறார்கள். எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருளில் ஒரு ஃப்ரேமைப் போட்டு இணைகோடுகளைக் குறித்துக் கொடுத்தால் கேமரா எங்கே நின்றது என்று கணக்கிட்டுத் தரும். அதை ப்ளெண்டர் என்ற 3டி வரைகலை மென்பொருளுக்குள் கொண்டுபோய்ப் படத்தின் மேலேயே பெட்டி பெட்டியாக வண்டியை வரையலாம்.

அளந்து முடித்ததும் ஒரு குழப்பம் வரும், அப்போது பயந்து எதையும் "திருத்தி"விடாதீர்கள். மனிதத் தலையின் உயரம் சுமார் 23 செ.மீ. என்று வைத்தால், 38 மி.மீ. தலை ஆறில் ஒரு பங்கு. அதே பொம்மையின் மொத்த உயரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒன்பதில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வரும். இந்தக் கணக்கில் ஏழரை மீட்டர் நிஜத் தீயணைப்பு வண்டி 85 செ.மீ. இருக்க வேண்டும். அதை எந்த மேஜைத் தெருவில் திருப்புவது? எனவே வண்டியை நீளத்தில் குறுக்குவார்கள், தலை இடிக்காமலிருக்க உயரத்தைக் கூட்டுவார்கள், கதவை அகலமாக்குவார்கள். தலைக்கு ஒரு ஸ்கேல், உடம்புக்கு ஒரு ஸ்கேல், வண்டிக்கு வேறொரு ஸ்கேல். 1:12, 1:24 என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தீர்களானால் ஏதோ ஒரு தீயணைப்பு வண்டி கிடைக்கும், ட்ரம்ப்டன் வண்டி கிடைக்காது. ராணுவ டாங்கி மாடல் செய்து பழகியவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். அவர்களுக்குச் சரியாக இருப்பதே குணம், இங்கே கோணலாக இருப்பது குணம்.

கோணலுக்கெல்லாம் காரணம் உண்டு என்பதால் காரணம் தெரிந்தால் வடிவமும் பிடிபடும். ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மாடல்களில் பொதுவாகக் கண்ணாடி போடமாட்டார்கள். போட்டால் ஸ்டுடியோ விளக்கு அதில் பளிச்சென்று அடிக்கும், உள்ளே இருக்கும் பொம்மையின் தலையைத் திருப்ப விரலும் நுழையாது. வெறும் சட்டத்தோடு விட்டுவிடுங்கள். அசிடேட் என்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டினால் வண்டி ஒரே நொடியில் பொம்மைக்கடைச் சரக்காகிவிடும்.

சக்கரத்தையும் பாருங்கள். பிரிட்டிஷ் டிவி விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டிரண்டு ஃப்ரேம் எடுத்தால் விநாடிக்குப் பன்னிரண்டரை நகர்த்தல். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 மி.மீ. வைத்தால் வண்டி விநாடிக்கு ஆறு செ.மீ. சொச்சம் போகும். ஒன்பதில் ஒரு பங்கு என்ற கணக்கில் பொம்மை உலகத்தில் அது மணிக்கு 2 கி.மீ., நம் ஊர்த் தேர்கூட அதைவிட வேகமாக வரும். 20 கி.மீ. வேகம் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் 5 செ.மீ. தள்ள வேண்டும், அப்போது வண்டி ஓடாது, தத்தும். இந்தத் தொடர்களில் வண்டிகள் எல்லாம் அவசரமே இல்லாமல் போவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம். 56 மி.மீ. சக்கரத்தை 5 மி.மீ. தள்ளினால் பத்து டிகிரிதான் சுழலும். தள்ளும் தூரம் கூடினால் ஆரக்கால் உள்ள சக்கரம் திரையில் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும். எட்டு ஆரக்கால் என்றால் 22 டிகிரி தாண்டியதுமே வம்பு ஆரம்பம். அடையாளமே இல்லாத வழுவழு வீல்கப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. படத்தில் மொட்டையாகத் தெரிந்தால் மொட்டையாகவே செய்யுங்கள், போல்ட் நட்டெல்லாம் சேர்க்காதீர்கள்.

கனமும் முக்கியம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கை படும்போது வண்டி தானாக நகர்ந்துவிடக் கூடாது. அதற்குக் கீழே எடை வைப்பார்கள். உங்களுடையது அலமாரி வண்டிதான் என்றாலும் அடியில் கொஞ்சம் ஈயம் ஒட்டிவையுங்கள், தூண்டில் கடையில் கிடைக்கிற குண்டே போதும். கையில் எடுக்கும்போது அந்தக் கனம் இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது.

செய்முறைக்கு வருவோம். பிரிண்டர் இருக்கிறது என்பதற்காக முழு வண்டியையும் பிரிண்ட் எடுக்க வேண்டாம் என்பேன். பிரிண்டர் கத்தி முனைபோல ஓரம் எடுக்கும். அறுபதுகளின் மாடல் மரத்தையும் தகரத்தையும் அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து வந்தது. ஓரமெல்லாம் கொஞ்சம் மழுங்கி, இடது விளக்கும் வலது விளக்கும் மயிரிழை வித்தியாசத்தோடு இருக்கும். சக்கரம், விளக்கு, ஹெல்மெட் மாதிரி ஒரே பொருள் பலமுறை வருமிடத்தில் பிரிண்டரைப் பயன்படுத்துங்கள். அடித்தளத்துக்கு 6 மி.மீ. ப்ளைவுட், பக்கச் சுவர்களுக்கு 3 மி.மீ. மல்டிவுட், உருண்டு வரும் முன்முகத்துக்கு லேசான மரக்கட்டையில் செதுக்கல், இடுக்குகளுக்குக் கார் பட்டி. பட்டி பார்த்துத் தேய்க்கும்போது கை போன போக்கில் வரும் சின்ன அலை இருந்தால் இருக்கட்டும். பிரிண்ட்தான் எடுப்பேன் என்று நின்றால், எல்லா ஓரத்தையும் ஒன்றரை, இரண்டு மி.மீ. உருட்டிவிட்டு, கதவுக் கோடுகளைப் பள்ளமாக வெட்டாமல் பிரஷ்ஷால் வரைந்துகொள்ளுங்கள்.

ஏணியை மட்டும் பிரிண்ட் எடுக்கவே எடுக்காதீர்கள், வெயில் பட்டால் பிளாஸ்டிக் வளையும். மெல்லிய மரப்பட்டை இரண்டு, நடுவில் மூங்கில் குச்சி. துளைகளை இரண்டு பட்டையையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் போட்டால் படிகள் கோணாது.

நிறம்தான் எல்லாரும் சண்டை போடும் விஷயம். கேம்பர்விக் கிரீனும் ட்ரம்ப்டனும் கலரில் எடுத்தவை, ஆனால் பிபிசி 1-இல் கலர் ஒளிபரப்பு வந்தது 1969 நவம்பரில்தான். முதன்முதலில் பார்த்த குழந்தைகள் அந்த வண்டியைச் சாம்பல் நிறத்தில்தான் பார்த்தார்கள். அதனால் "எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது இன்ன சிவப்பு" என்று சொல்பவர்களின் பேச்சைப் பாதிக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். படத்தையும் முழுசாக நம்ப முடியாது. அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம் பழசாகும்போது பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், படம் முழுக்கச் செம்மை ஏறும். மீட்டெடுத்த பதிப்பிலேயே ஃப்ரேமை எடுத்து, வெள்ளை என்று உறுதியாகத் தெரிகிற ஒரு பொருளை வைத்து நிறத்தைச் சமன் செய்த பிறகு சிவப்பைப் பாருங்கள். தொடக்கப் புள்ளியாக பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 381சி என்ற பெயிண்ட் நிற அட்டையில் 537, சிக்னல் ரெட். அங்கிருந்து ஒரு துளி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எனாமலைப் பிரஷ்ஷில் அடியுங்கள். மினுமினுப்பு வேண்டாம், அரை மினுக்கம் போதும். துரு, சேறு, எண்ணெய்க் கறை என்று வயசாக்கும் வித்தையெல்லாம் இங்கே ஒட்டாது, அந்த ஊரில் வண்டிகள் அழுக்காவதில்லை.

பொம்மை இல்லாமல் வண்டியை மட்டும் வைத்தால் அளவெல்லாம் தப்பாகத் தெரியும் என்பதால் குறைந்தது ஓட்டுநரையாவது செய்துவிடுங்கள். 38 மி.மீ. மரப்பந்து கைவினைப் பொருள் கடைகளில் கிடைத்தால் அது உத்தமம். பழைய செல்லுலாய்டு பந்து கிடைத்தாலும் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், குப்பென்று பிடித்துக்கொள்ளும். 40 மி.மீ. பந்துதான் கையில் இருக்கிறது என்றால் வண்டியின் எல்லா அளவையும் 1.053-ஆல் பெருக்கிவிடுங்கள், 320 மி.மீ. 337 ஆகும், விகிதம் கெடாது. உடம்புக்கு ஃபோம் வேண்டாம். கம்பியில் நூல் சுற்றி மேலே துணி தைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை இருக்கும். வாய் அசைய வேண்டிய கவலையும் இல்லை, இவர்கள் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை.

இதே முறையில் மற்றவற்றையும் செய்யலாம். கேம்பர்விக் கிரீனின் ராணுவ டிரக், டாக்டர் மாப் ஓட்டும் பழங்காலக் கார், சிக்லியில் லார்ட் பெல்பரோ தன் பட்லர் பிராக்கெட்டோடு ஓட்டும் பெஸ்ஸி ரயில் எஞ்சின். டிரக்குக்கென்றே குலுங்கிக் குலுங்கிப் போகும் பாட்டு ஒன்று உண்டு. முதல் முயற்சிக்கு அதைத்தான் சிபாரிசு செய்வேன், எல்லாம் பெட்டி வடிவம். வேறு தொடர் என்றால் அளவு தெரிந்த வேறு பொருளைத் தேடுங்கள். 1969-இல் வந்த கிளேஞ்சர்ஸ் தொடரின் இரும்புக் கோழி மெக்கானோ துண்டுகளால் ஆனது, அதாவது துளை போட்ட உலோகப் பட்டைகளைத் திருகி இணைக்கும் விளையாட்டுச் சாமான். மெக்கானோவில் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எப்போதும் அரை அங்குலம், 12.7 மி.மீ. அளவுகோலை உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறது அந்தக் கோழி. 1981-இல் ஐவர் வுட் எடுத்த போஸ்ட்மேன் பேட் தொடரின் சிவப்பு வேனுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. பேட் 1 என்ற நம்பர் பிளேட்டோடு எத்தனையோ பொம்மை வேன்கள் விற்றிருக்கிறார்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு வடிவம். பொம்மையைப் பார்த்து மாடல் செய்தால் நகலுக்கு நகல்தான் வரும், திரைக்குத் திரும்பிப் போங்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் இறங்க வேண்டாம். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பது வேறு, கடை போடுவது வேறு.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கேட்பீர்கள். முதலில் ஓட்டுநர். பிறகு, அளந்த எண்களை வைத்துப் பழைய காலண்டர் அட்டையில் வண்டியை வெட்டி ஒட்டி, அவரை உள்ளே உட்கார வையுங்கள். போனில் 2x ஜூம் வைத்துத் தள்ளி நின்று, ஃப்ரேமில் இருக்கும் அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். சாதாரண லென்ஸில் கிட்டப் போய் எடுத்தால் முன்பக்கம் வீங்கும். அந்தப் படத்தைத் தொடரின் ஃப்ரேம் மேல் பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தால் கூரை எங்கே உயரம், மூக்கு எங்கே நீளம் என்று கோட்டுக்குக் கோடு தெரிந்துவிடும். அட்டையில் வெட்டித் திருத்துவதற்குச் செலவே இல்லை. ஓரங்கள் பொருந்திய பிறகு ப்ளைவுட்டில் ரம்பத்தை வையுங்கள்.